கல்லுல இல்லாத நாலு டாக்டர்

ஜனவரி 9

பழைய மாணவர் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரேன்னு வாய விட்டேன், மாட்டிக்கிட்டேன். ஸ்கூல் ஹால் வராண்டாவுல ஒரு வெள்ள மார்பிள் பலகை இருக்கு, முதல் உலகப் போர்ல செத்துப்போன பழைய பசங்க பேரு, மொத்தம் 19. நாங்க படிச்சப்ப அதுக்கு கீழதான் செருப்ப கழட்டி விடுவோம், ஒருத்தன்கூட நிமிந்து பாத்ததில்ல. அந்த 19 பேரையும் டைப் பண்ணி ரெண்டு வரி சேத்து குடுத்தா முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

லைப்ரரி பீரோவுக்கு அடில 1917 ஸ்கூல் பத்திரிகை ஒண்ணு கெடச்சுது, பைண்டிங் போயி, ஓரமெல்லாம் செல்லரிச்சு, தொட்டாலே தூளா உதிருது. அதுல பட்டாளத்துக்கு போன பழைய மாணவர் பட்டியல் இருக்கு, அதுல மெடிக்கல்னு தனியா நாலு பேரு. அப்படியே பத்திரிகைய தூக்கிட்டு வராண்டாவுக்கு ஓடினேன். நாலுல ஒருத்தர்கூட கல்லுல இல்ல.

ஜனவரி 10

சும்மா இருந்திருக்கலாம். "நம்ம ஸ்கூல் நாலு டாக்டர விட்டுட்டாங்க"ன்னு பேட்ச் வாட்ஸாப் குரூப்ல போட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள 83 மெசேஜ். வெள்ளக்காரன் வேணும்னே விட்டான்னு ஒரு கோஷ்டி, அந்தக் காலத்துல கல்லு வச்ச ஸ்கூல் கமிட்டில இருந்தவங்கதான் ஆள் பாத்து போட்டாங்கன்னு இன்னொரு கோஷ்டி, நடுவுல ஒருத்தன் பத்திரம் எழுதித்தரேன் வாடகைக்கு வீடு இருக்குன்னு விளம்பரம். புது கல்வெட்டுக்கு பணம் தரேன்னு மூணு பேரு வேற. எனக்கு தல கிறுகிறுன்னு ஆச்சு, சந்தோஷத்துலதான்.

ஜனவரி 12

ஹிஸ்டரி சார் வீட்டுக்கு போனேன். 80 தாண்டியாச்சு, கண்ணு மங்கல், ஆனா கேள்வி மட்டும் அதே கூர். பட்டியல முழுசா படிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு, "ஏம்ப்பா, 1917 வரைக்கும் போனவன் லிஸ்ட்டு இது. போனவன் எல்லாம் செத்தவனா?"ன்னாரு. அவ்ளோதான். ஒரு வாய் காப்பி எனக்கு தொண்டைக்குள்ளயே நின்னு போச்சு.

உண்மதான். கல்லு செத்தவங்களுக்கு. பத்திரிகை போனவங்களுக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒண்ணுல இருக்குறது இன்னொண்ணுல இல்லயேன்னு கூவினது நான். நம்ம பக்கம் கிராமங்கள்ல ஒரு கல்லு பதிச்சிருப்பாங்க பாத்திருப்பீங்க, இந்த ஊர்லேந்து இத்தன பேர் 1914-1919 போருக்கு போனாங்க, அதுல இத்தன பேர் உயிர குடுத்தாங்கன்னு, பேரே இருக்காது வெறும் எண்ணிக்கைதான். அந்தக் கல்லு போட்டவனுக்கு இருந்த தெளிவு எனக்கு இல்ல.

ஜனவரி 15

முதலாமவர கண்டுபிடிச்சேன். 1926 சிவில் லிஸ்ட்ல, அதான் அரசு அதிகாரிங்க பட்டியல்ல, டிஸ்ட்ரிக்ட் மெடிக்கல் ஆபீசரா நல்லா ஜம்முனு இருக்காரு, சம்பளத்தோட. போருக்கு போயி, திரும்பி வந்து, பிரமோஷனும் வாங்கியிருக்காரு. நான் அஞ்சு நாளா துக்கம் கொண்டாடிட்டு இருந்தது இவருக்கும் சேத்துதான். குரூப்ல சொல்லல. நாளைக்கு சொல்லிக்கலாம்.

ஜனவரி 18

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடிட்டே இருக்கேன். 1917ல ஆரம்பிச்ச அமைப்பு, ரெண்டு உலகப் போர்லயும் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகள்ல செத்த சுமார் 17 லட்சம் பேரோட கணக்கு அவங்ககிட்டதான். முதல் போருக்கு அவங்க வச்ச எல்லை 1914 ஆகஸ்ட் 4லேந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும். பணில இருக்கும்போது செத்தா எப்படி செத்தாலும் கணக்குல வரும், குண்டு பட்டாலும் சரி, காலரா வந்தாலும் சரி. வேலய விட்டு வந்தப்புறம் செத்தா, போர்ப்பணியாலதான் அந்த சாவுன்னு காட்டணும்.

இது எனக்கு புதுசு. ஏன்னா டாக்டருங்க நெறைய பேரு நோய்லதானே போயிருக்காங்க. போர்க்களக் கவிதை எழுதி பேர் வாங்கின கனடா டாக்டர் ஜான் மெக்ரே 1918 ஜனவரில நிமோனியாவுலதான் போனாரு. இந்த ஆணையம் ஒத்துக்கும், ஆனா ஸ்கூல் கல்லுக்கு இந்த ஆணையம் பொறுப்பில்ல. ஸ்கூல் கல்லுக்கு ஸ்கூல் கமிட்டிதான் ராஜா. அவங்க விசாரிச்சு, அம்மா அப்பா லெட்டர் போட்டு, யாரோ ஞாபகம் வச்சு சொன்னாத்தான் பேரு வரும். காய்ச்சல்ல செத்தவரோட வீட்டுல, நம்ம பையன் சண்டைல சாகலயேன்னு சும்மா இருந்திருந்தா முடிஞ்சுது கதை.

ஜனவரி 21

ரெண்டு வாரமா இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்னு மட்டுமே ஃபில்டர் போட்டு தேடியிருக்கேன், மடையன். ஐ.எம்.எஸ். ஆபீசருங்க உத்தியோகம். லெஃப்டினன்ட், கேப்டன்னு ராங்க் இருக்கும், போர் சமயத்துல நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு டெம்பரரி கமிஷன், அதான் தற்காலிக ஆபீசர் பதவி, குடுத்து எடுத்தாங்க. அதுக்கு கீழ இன்னொரு படி இருக்கு, சப் அசிஸ்டன்ட் சர்ஜன். முன்னாடி ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட்டுன்னு கூப்பிட்டவங்க. காயத்த கட்டினது, கூடாரத்துல ராத்திரி பூரா முழிச்சது எல்லாம் பெரும்பாலும் இவங்கதான். இவங்களுக்கு துறை வேற, இந்தியன் சபார்டினேட் மெடிக்கல் டிபார்ட்மென்ட். பேர்லயே "கீழ்ப்பட்ட"ன்னு ஒட்டி வச்சிருக்கான் பாருங்க.

அந்தப் பேர்ல தேடினதும் ரெண்டாமவர் வந்துட்டாரு. மெசபடோமியா (இன்னிக்கு இராக்), 1916, பஸ்ரா நினைவுச்சின்னம். கூடுதல் தகவல்ல அப்பா பேரு, ஊரு. நம்ம அட்மிஷன் ரெஜிஸ்டர்ல இருக்குற அதே அப்பா, அதே ஊரு. (பேர இங்க போடல. பேத்தி வழி குடும்பம் இருக்குன்னு கேள்விப்பட்டேன், அவங்கள கேக்காம போடுறது சரியில்ல.)

பஸ்ரா சின்னத்துல 40,000 பேருக்கு மேல இருக்காங்க. இந்தியச் சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அங்க பேரே கெடயாது, இந்த ரெஜிமென்ட்ல இத்தன பேருன்னு எண்ணிக்கைதான். ஆணையமே 2021ல ஒரு அறிக்கை விட்டு, ஆசிய ஆப்பிரிக்க வீரர்கள் 45,000லேந்து 54,000 பேர சமமா நினைவுகூரலன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கும் மேல லட்சக்கணக்குல பேரே இல்லாம விடப்பட்டிருக்காங்க. அந்தச் சின்னத்த நேர்ல போயி பாக்கலாம்னா, 1997ல சதாம் உசேன் உத்தரவுல அத பேத்து 32 கிலோமீட்டர் தள்ளி நாசிரியா ரோட்டுல கொண்டுபோயி வச்சுட்டாங்களாம். கல்லுக்கே கால் மொளச்ச ஊரு அது.

ஜனவரி 24

சார்கிட்ட திரும்ப போனேன். ரெண்டாமவர பத்தி சொன்னதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெசபடோமியாவுல குட்டுங்குற ஊர்ல பிரிட்டிஷ் இந்தியப் படைய துருக்கிக்காரன் வளைச்ச முற்றுகைய பத்தி ஆரம்பிச்சாரு. டிசம்பர் 1915லேந்து ஏப்ரல் 29, 1916 வரைக்கும் 147 நாள், சாப்பாடு இல்லாம குதிரைய வெட்டி தின்னு, கடைசில சுமார் 13,000 பேரு துருக்கிக்காரன்கிட்ட சரண். அதுல கல்யாண் முகர்ஜின்னு ஒரு வங்காளி ஐ.எம்.எஸ். டாக்டர் கைதியானாரு, அடுத்த வருஷம் ராஸ் அல் ஐன் முகாம்ல காய்ச்சல்ல போயிட்டாரு. கைதியாவும் இருந்துக்கிட்டு வைத்தியமும் பாத்துக்கிட்டு.

"அவன் கைல துப்பாக்கி இல்ல, அதனால கணக்குல இல்லன்னு சொல்லுவியா?"ன்னு என்னய கேட்டாரு. "நான் எங்க சார் அப்படி சொன்னேன்?"ன்னேன். அந்தக் கால கமிட்டிய கேக்குற மாதிரி என்னய கேக்குறாரு.

பொம்பள டாக்டருங்களுக்கு இன்னும் மோசம். எல்சி இங்லிஸ்னு ஸ்காட்லாந்து டாக்டர், செர்பியாவுலயும் ரஷ்யாவுலயும் பெண்களே நடத்தின ஆஸ்பத்திரி போட்டாங்க, 1917 நவம்பர்ல ஊருக்கு திரும்பி கப்பல விட்டு இறங்கின மறுநாளே போயிட்டாங்க. அந்தப் போர்ல பெண் டாக்டருங்களுக்கு பிரிட்டிஷ் ராணுவம் கமிஷனே குடுக்கல. நம்மளுது ஆம்பள பசங்க ஸ்கூல், அதனால இந்தக் கேள்வி நமக்கு வரவே வராதுன்னு சார் சிரிச்சாரு.

பிப்ரவரி 2

மூணாமவர் 1918 நவம்பர்ல இன்ஃப்ளூயன்ஸாவுல செத்திருக்காரு, இது உறுதி. ஆனா அன்னிக்கு அவர் யூனிஃபார்ம்ல இருந்தாரா, இல்ல கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊர் ஆஸ்பத்திரிக்கு திரும்பிட்டாரா? ஒரு ஒன்றரை மாசம்தான் வித்தியாசம். அதுல ஒருத்தர் போர்ல உயிர் குடுத்தவர், இல்லன்னா காய்ச்சல்ல போன லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தர். கெஜட்ட வரி வரியா பாக்குறேன். கண்ணு எரியுது.

பிப்ரவரி 8

இன்னிக்கு நடந்தத எழுதவே கூச்சமா இருக்கு.

நாலாமவர எங்கயும் காணோமேன்னு, கல்ல இன்னொரு தடவ நல்லா போட்டோ எடுக்கலாம்னு சாயங்காலம் வராண்டாவுக்கு போனேன். வாட்ச்மேன் அண்ணே டார்ச்ச கல்லுக்கு நேரா அடிக்காம, செவுத்தோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சாரு, "இப்டி அடிச்சாத்தான் தம்பி பள்ளம் தெரியும், செவுத்துல விரிசல் நாங்க இப்டிதான் பாப்போம்"னு. அந்த எழுத்தெல்லாம் ஈயத்துல அடிச்சது. மார்பிள்ல எழுத்த வெட்டி, வெட்டுக்குள்ள குட்டிக் குட்டி ஓட்டை போட்டு, ஈயத்த தட்டி இறக்கியிருக்காங்க. சில எடத்துல ஈயம் விழுந்து வெறும் பள்ளமும் ஓட்டையும்தான். 14வது வரில முதல் இங்கிலீஷ் எழுத்த நான் "பி" (P)ன்னு டைப் பண்ணி வச்சிருந்தேன். டார்ச் வெளிச்சத்துல பாத்தா வளைவு பாதில நிக்கல, கீழ வரைக்கும் போகுது. வெள்ளையடிச்சப்ப வழிஞ்ச சுண்ணாம்பு கீழ் பாதிய அடச்சிருக்கு. ஈரத்துணிய பல்குத்துற குச்சில சுத்தி மெதுவா துடைச்சேன், மூணு ஓட்டை வந்துச்சு ஒண்ணுக்கு கீழ ஒண்ணா. அது பி இல்ல, டி (D).

டி, அப்புறம் ஒரு முழுப் பேரு. அந்த முழுப் பேரு நாலாமவரோட அப்பா பேரு! நம்ம வழக்கத்துல அப்பா பேரு இனிஷியல், சொந்தப் பேரு பின்னாடி. பட்டாளத்து கிளார்க்குக்கு கடைசில வர்றதுதான் சர்நேம் இல்லயா, அவன் கேட்ட கேள்விக்கு இவர் அப்பா பேர சொல்லியிருப்பாரு, அது குடும்பப் பேரா ஆயி, சொந்தப் பேரு ஒத்த எழுத்தா சுருங்கிப் போச்சு. கமிட்டிக்காரங்க பட்டாளத்துலேந்து வந்தத அப்படியே கல்லுல ஏத்திட்டாங்க. முன்னாடி "லெஃப்டினன்ட்"னு மட்டும் இருக்கு, நானும் காலாட்படை ஆளுன்னு நெனச்சேன், ஐ.எம்.எஸ்.காரருக்கும் அதே ராங்க்தான்னு தெரிஞ்சு பதினஞ்சு நாளாகியும்.

நூறு வருஷமா கல்லுலயேதான் இருந்திருக்காரு. விட்டுட்டாங்கன்னு 83 மெசேஜுக்கு வழி பண்ணினது நான்.

பிப்ரவரி 9

குரூப்ல சொல்லிட்டேன். நாலு இல்ல, ஒருத்தர்தான் உறுதியா விட்டுப்போனவரு, ஒருத்தர் சந்தேகம், ஒருத்தர் உயிரோட திரும்பி பிரமோஷன் வாங்கினவரு, ஒருத்தர் கல்லுலயே இருக்காருன்னு. 83க்கு பதிலா 4 மெசேஜ் வந்துச்சு, அதுல ரெண்டு கட்டைவிரல். பணம் தரேன்னு சொன்ன மூணு பேர்ல ஒருத்தர் மட்டும் இன்னும் இருக்காரு. ஒரு பேருக்கு அது போதும்.

மூணாமவர சேக்கலாமா வேண்டாமான்னு சார்கிட்ட கேட்டேன். தேதி கெடைக்கிற வரைக்கும் வேண்டாம், மலர்ல எழுது, கல்லுல வெட்டாதன்னாரு. எனக்கு மனசு ஆறல, ஆனா அதான் சரி.

மார்ச் 3

ஸ்கூல் ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. பழைய பலகைய தொடாம கீழ ஒரு சின்ன பட்டை, ஒரே பேரு, "சப் அசிஸ்டன்ட் சர்ஜன், மெசபடோமியா, 1916". பேத்தி வீட்டுலயும் பேசியாச்சு, அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, தமிழ்லயும் இருக்குமான்னு. இருக்கும்.

மார்ச் 11

கல்வெட்டுக்காரர் ப்ரூஃப் வாட்ஸாப்ல அனுப்பியிருக்காரு. தமிழ்ல சரியா இருக்கு. இங்கிலீஷ்ல அப்பா பேர முழுசா போட்டு இவர் பேர ஒத்த எழுத்தா மாத்தி வச்சிருக்காரு. கேட்டா, "நீங்க அனுப்புன வெப்சைட்டு ஸ்க்ரீன்ஷாட்ல அப்டிதான சார் இருந்துச்சு"ங்குறாரு. அட்மிஷன் ரெஜிஸ்டர் பக்கத்த போட்டோ எடுத்து, பேர சுத்தி செவப்பு வட்டம் போட்டு இப்பதான் அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.