மடித்த சீட்டு

வாக்குரிமைப் பாடத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையிலேயே நடத்தி முடித்திருக்கிறேன். வயது வரம்பு, தொகுதி, பெரும்பான்மை என்று எழுதிப் போட்டால் தேர்வுக்குப் போதும். ஓர் ஆண்டு மட்டும் வகுப்புத் தலைவர் தேர்தலையே பாடமாக்கினேன்.

முதல் நாள் கை தூக்கச் சொன்னேன். இரண்டு வேட்பாளர்கள், ஒரு மாணவன், ஒரு மாணவி. அவனுக்கு நண்பர் கூட்டம் பெரிது. அவள் அதிகம் பேசாதவள். 32 பேரில் 24 கைகள் அவனுக்கு உயர்ந்தன. கடைசி வரிசையில் ஒரு பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பாதி உயரத்துக்குக் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்த பிறகு அந்த எண்ணிக்கையை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதி மடித்துப் போடச் சொன்னேன். அவனுக்கு 17, அவளுக்கு 14, ஒன்று செல்லாதது. வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்போது எண்ணிக்கொண்டிருந்த மாணவன், "இது யார் எழுத்துன்னு எனக்குத் தெரியும் சார்" என்றான். கடைசி வரிசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தவறு என்னுடையது. சீட்டை மடிக்கச் சொன்ன நான், கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதை யோசிக்கவில்லை.

அன்று பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். நிலக்கிழாரும் முதலாளியும் காதில் வாங்கிக்கொள்ளலாம். யார் யாருக்குப் போட்டார் என்பது பதிவேட்டிலும் ஏறும். "வேலையை விட்டுத் தூக்கிட்டா?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பயம்தான் மறைவு வாக்கைக் கேட்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-இலேயே அரசு அச்சடித்த, எல்லோருக்கும் ஒரே மாதிரியான சீட்டு வந்துவிட்டது. வேண்டாத பெயரை அடித்தால் போதும், எழுத வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் நேர்ந்த பிழைக்கு விடை அங்கே இருந்தது.

பிரிட்டனின் முதல் மறைவு வாக்குப்பதிவு 1872-இல் பான்ட்ஃபிராக்ட் இடைத்தேர்தலில் நடந்தது. வாக்குப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, அந்த ஊர் அதிமதுர மிட்டாய்களில் குத்தும் அச்சையே பயன்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நம் பெட்டிக்கு என்ன முத்திரை என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். ஒட்டும் காகிதத்தின் மேல் இரண்டு வேட்பாளர்களும் கையெழுத்திடுவது என்று முடிவானது. ஒருவரை ஒருவர் நம்புவதற்கும், நம்பாமலே ஏற்றுக்கொள்வதற்கும் அது உதவும் என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

மூன்றாவது முறை அச்சிட்ட சீட்டு, ஒரே நிறப் பென்சில், பெருக்கல் குறி மட்டும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து மறைப்பாக்கினோம். கடைசி வரிசைப் பெண் அதன் பின்னால் வெகுநேரம் நின்றாள். மணி அடித்துவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.