மேப்புல அஞ்சு கிலோமீட்டர்தான்

ஷூவைக் கழட்டி உதறுனா ஒரு கைப்பிடி புல்விதை கொட்டுது, சாக்ஸ்ல ஒட்டுனது தனி.

யாரும் டூருன்னு போகாத கிராமத்துப் பக்கம், ஒத்தையடிப் பாதை, காலைல இருந்து எதிர்ல வந்தது நாலு ஆடும் பின்னாடி ஒரு பெரியவரும் மட்டும்தான்.

அஞ்சு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்னு ஏறுனேன். 1892-லயே நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கணக்கு சொல்லிட்டார், அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி, மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி. நான் ஏறுனது 300. அப்போ ஒன்றரை மணி. எனக்கு மூணு ஆச்சு (மூச்சு வாங்க நிக்கிறதை மனுஷன் சேக்கவே இல்ல!).

"எங்க போறீங்க?"ன்னார் பெரியவர்.

சும்மா நடக்குறேன்னேன். என்னை ஒரு தடவை பாத்தார், ஆட்டை ஒரு தடவை பாத்தார், "நடங்க நடங்க"ன்னுட்டுப் போயிட்டார்.

அவர் தினமும் போற பாதைக்குத்தான் நான் ரெண்டு வாரமா பிளான் போட்டிருக்கேன்.

விதையைத் தொட்டில போட்டு வச்சிருக்கேன், பாப்போம்.