வெள்ளத்துக்கு முந்தைய ஆறு

பிப்ரவரி 3, 2024

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கேபிளைச் சொருகினால் டக், டக் என்ற சத்தம்தான் வருகிறது. கடைத் தம்பி காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "ஹெட் அடிவாங்கியிருக்கு அண்ணாச்சி, இனி இத ஆன் பண்ணாதிய" என்றார். ஓடவிட்டால், தகவலைப் படிக்கிற அந்த ஹெட் உள்ளே சுழலும் தட்டை உரசி, இருப்பதையும் அழித்துவிடுமாம்.

2022 கோடையில் தாமிரபரணிக் கரையில் எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. வேறு ஆறாக இருந்தால் மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இது போன டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தைய ஆறு. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

பிப்ரவரி 8

கேமராவின் பழைய மெமரி கார்டில், அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டேன். கார்டை ஃபார்மட் செய்தால் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். அந்த இடத்தில் புதுப் படம் பதியும்வரை பழையது உள்ளேயே கிடக்கும். ராத்திரி முழுக்க ஓடியது. மீண்டவற்றில் பெரும்பாலானவை மேலே ஒரு கீற்று வானம், கீழே வெறும் சாம்பல் நிறம். ஆனால் கேமரா எழுதும் ஜேபெக் படக்கோப்பின் தலைப்பகுதியில் பொதுவாக 160-க்கு 120 புள்ளியில் ஒரு சின்னப் படம் ஒளிந்திருக்கும். அவை நிறையத் தப்பியிருக்கின்றன. அச்சுப் போட உதவாது. எங்கே நின்று எடுத்தேன் என்று கண்டுபிடிக்கப் போதும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

விடிவதற்கு முன்பே திருநெல்வேலி குறுக்குத்துறை. செல்போனில் சின்னப் படங்கள், கழுத்தில் கேமரா. ஒரு படத்தில் கல்மண்டபத் தூணின் ஓரமும் பின்னால் முருகன் கோவில் மதிலின் முனையும் ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டடி இடப்பக்கம் போனால் நடுவில் தண்ணீர் தெரிகிறது, வலப்பக்கம் போனால் மதில் மறைந்துவிடுகிறது. முன்னும் பின்னுமாக நகர்ந்து, ஒரு கட்டத்தில் தூணும் மதிலும் பொருந்தியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே இடம்தான்!

அந்தக் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் கோவிலை மூழ்கடித்துவிட்டு வடியும், கோவில் அப்படியே நிற்கும். டிசம்பர் 17, 18-லும் அதுதான் நடந்தது. ஆனால் அந்த மழை சாதாரண மழையா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்!

குளித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் செல்போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இந்தச் செடியெல்லாம் எங்க இருக்கு இப்ப? தண்ணி அரிச்சிட்டுப் போயிட்டு." பிறகு மருத மரத்தைக் கைகாட்டினார். என் தலைக்கு மேலே, நான் கை நீட்டினாலும் எட்டாத கிளையில், ஒரு சேலைக்கிழிசலும் வைக்கோலும் சுற்றிக்கொண்டு காய்ந்திருந்தன. பழைய படத்தில் அந்தக் கிளை சுத்தமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வெள்ளத்தின் உயரம் உறைக்கிறது. இன்று எடுத்ததிலேயே அதுதான் முக்கியமான படம் என்பேன்.

பிப்ரவரி 18

சுலோச்சன முதலியார் பாலம். 1843-இல் சொந்தப் பணத்தைப் போட்டு அவர் கட்டிய பாலம், இன்னும் ஊருக்கு உழைக்கிறது. கோடைப் படத்தில் வளைவுகளுக்குக் கீழே பாறையும் மணலும். இப்போது அங்கே தண்ணீர் ஓடுகிறது. அந்தப் பாறைமேல் நின்றுதான் எடுத்திருக்கிறேன். கரையிலிருந்து ஜூம் செய்து எடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ஜூம் செய்தால் படத்தின் சட்டகம்தான் பொருந்தும், கோணம் பொருந்தாது. மே மாதம் தண்ணீர் இறங்கட்டும், பார்க்கலாம்.

பிப்ரவரி 19

இதுவரை எடுத்தவற்றை இரண்டு டிஸ்கில் போட்டு, ஒன்றைச் சென்னையில் அக்கா வீட்டுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். கோப்பின் பெயரில் தேதியோடு நின்ற இடத்தையும் எழுதுகிறேன்: எந்தத் தூண், எந்தப் படி என்று. வேறு யாராவது அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு வந்து நிற்க வேண்டுமென்றால் உதவும்.

அடுத்தது சீவலப்பேரி. சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேருகிற இடம். அங்கே எடுத்ததில் சின்னப் படங்கள்கூடச் சரியாக மீளவில்லை, ஒன்றில் மட்டும் ஒரு பனைமரம் தெரிகிறது. அது இன்னும் நிற்கிறதா என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.