கல்லீரலுக்கு நானோ மருந்து: சேலத்து ஆய்வக மேசையிலிருந்து

மருந்து ஏற்றிய நானோ துகளைக் கல்லீரல் வரை கொண்டு போவது பெரிய வேலையே இல்லை. ரத்தக்குழாயில் ஏற்றினால் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் அதை விழுங்கிவிடும். சிக்கல் அதற்கப்புறம். மருந்து வேலை செய்ய வேண்டிய ஹெபட்டோசைட் என்ற முக்கியக் கல்லீரல் செல்லும், தழும்பை உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல்லும் ரத்தக்குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. மனிதக் கல்லீரலில் அந்தச் சுவரின் துளைகள் ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான். எலிக்கு இன்னும் பெரிது. ஃபைப்ரோசிஸ் என்ற தழும்பேறும் நோய் முற்ற முற்ற அந்தத் துளைகளும் மறைந்து, பின்னால் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிகிறது. மருந்து மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் வழி அடைபடுகிறது.

அதனால்தான் "180 வந்துடுச்சு சார், 200-க்குக் கீழதானே" என்று துகளின் அளவை நானோமீட்டரில் சொல்லி எம்.ஃபார்ம் பிள்ளைகள் சந்தோஷப்படும்போது நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. 200 என்ற கணக்கு புற்றுநோய்க் கட்டிகளுக்குச் செய்த ஆய்வுகளைப் பார்த்துப் பழகிய கணக்கு. கல்லீரலுக்கு 100-க்குள் வர வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்து இதற்கு நல்ல பாடம். அதன் கொழுப்புத் துகள் 100-க்கும் சிறியது. ரத்தத்தில் நுழைந்ததும் அபோ-ஈ புரதம் மேலே ஒட்டிக்கொள்ள, எல்டிஎல் கொழுப்பைப் பிடிக்கும் ஏற்பி வழியாக ஹெபட்டோசைட் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம் செய்வது, மில்க் திசில் செடியிலிருந்து வரும் சிலிபின் என்ற சேர்மத்தை ஏற்றிய, உடலில் தானே கரையும் பிஎல்ஜிஏ பாலிமர் துகள். 50 மில்லிகிராம் பாலிமர், 5 மில்லிகிராம் சிலிபின் இரண்டையும் 5 மில்லி அசிட்டோனில் கரைத்து, துகள்கள் ஒட்டாமல் காக்கும் பொலாக்ஸமர் 188 0.5 சதவீதம் கலந்த 15 மில்லி தண்ணீரில் நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் விட்டுக் கலக்க வேண்டும். பிறகு ஃபியூம் ஹூடில் திறந்து வைத்து அசிட்டோனைப் போக்க வேண்டும். எழுதினால் மூன்று வரி. சேலத்துச் சித்திரை வெயிலில் இதுவே வேறு வேலை. கரைசலைத் திறந்த பீக்கரில் வைத்துவிட்டு சிரிஞ்சைத் தேடினால் அதற்குள் அசிட்டோன் ஆவியாகிவிடும். பாலிமர் அடர்த்தி ஏறும், துகளும் பெரிதாகும். காலையில் 95, மதியம் 130 என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மூடி போட்ட குப்பியில் வைத்து, கரைத்த உடனே பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. 50:50 பிஎல்ஜிஏ உலர்ந்திருக்கும்போது 45 டிகிரிக்கு மேல்தான் இளகும். தண்ணீரில் ஊறினால் 30-ஐத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். ஏசி இல்லாத அறையில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் வெள்ளையாகத் திரண்டிருக்கும். செய்முறையில் தப்பில்லை, அறைச் சூடுதான் காரணம். கண்ணாடிச் சாமான்களைக் கடைசியாக போர் தண்ணீரில் அலசுவதும் கூடாது. இங்குள்ள உப்புத் தண்ணீரின் கால்சியம், எதிர்மின் துகள்களைச் சேர்த்துக் கட்டிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது மருந்து ஏற்ற அளவு. சிலிபின் தண்ணீரில் சரியாகக் கரையாது. துகளுக்குள் போகாதது நுண்ணிய படிகமாக மிதந்து, மையவிலக்கியில் துகளோடு சேர்ந்து அடியில் இறங்கும். மேல்நீரில் உள்ள மருந்தை மட்டும் அளந்து கழித்தால் 95 சதவீதம் துகளுக்குள் போனதாக வரும். அந்த எண்ணை நம்பி மேலே கட்டுவது எல்லாம் வீண். முதலில் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் சுற்றிப் படிகத்தை ஒதுக்குங்கள். பிறகு அதிவேகத்தில் துகளை இறக்கி, அதையே அசிட்டோநைட்ரிலில் கரைத்து, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் 288 நானோமீட்டர் ஒளியில் நேராக அளந்து பாருங்கள். எண் கணிசமாக இறங்கும். இறங்கட்டும், அதுதான் உண்மை.

கீழாநெல்லியை நானோவாக்கலாமே என்று கேட்காத ஆள் சேலத்தில் இல்லை. கேட்பதில் தப்பில்லை. ஆனால் முழுச்சாற்றை ஏற்றினால் உள்ளே எது, எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது. ஃபில்லாந்தின் போன்ற ஒரு சேர்மத்தை அடையாளமாக வைத்து அளந்தால்தான் ஒரு பேட்சையும் அடுத்த பேட்சையும் ஒப்பிட முடியும்.

துகளை உறைய வைத்து உலர்த்தும்போது 5 சதவீத ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காவிட்டால் கட்டி இளகி அமுங்கிவிடும். அதைத் தண்ணீரில் கரைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். நன்றாக உலர்ந்த குப்பியும் ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் ஒருமுறை திறந்தால் ஈரத்தை இழுத்துவிடும். ஃபிரீசரிலிருந்து எடுத்த பிஎல்ஜிஏ புட்டியும் அப்படித்தான். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கடைசியாக எலிச் சோதனை. கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிட்டு "குணமாக்கியது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த நஞ்சு விஷமாவதே கல்லீரலின் சிஒய்பி 2ஈ1 நொதியால். மருந்து அந்த நொதியைத் தடுத்திருந்தாலே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். சிகிச்சை நடந்ததாக அதற்கு அர்த்தமில்லை. தழும்பு உருவான பிறகு மருந்தை ஆரம்பியுங்கள். நஞ்சை நிறுத்தினால் எலியின் கல்லீரல் தானாகவே தேறத் தொடங்கும் என்பதால், நஞ்சுக்குப் பிறகு எதுவும் கொடுக்காத ஒரு குழு, மருந்தில்லாத வெறும் துகள் பெறும் ஒரு குழு, துகளில்லாத மருந்து பெறும் ஒரு குழு என மூன்றையும் விலங்கு நெறிக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.