எச்4 என்றால் சின்ன எழுத்து என்று யார் சொன்னது?

பக்கங்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் எங்கள் சிஎஸ்எஸ் கோப்புகளில் ஃபான்ட்-சைஸ் என்று தேடினால் 22, 23, 24 பிக்சல் மூன்றும் வரும். மூன்றுமே கார்டின், அதாவது பக்கத்தில் வரும் தகவல் பெட்டியின், தலைப்புதான். 'டைட்டில்-பிக்', 'டைட்டில்-பிக்-நியூ', 'எச்2-ஸ்மால்' என்று வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கொரு ஸ்டைல் கிளாஸ் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டார்க் மோடு வேலை வந்த சாக்கில் இதையும் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் டேக்கையும் தோற்றத்தையும் பிரித்தேன். எச்1 முதல் எச்6 வரையிலான எச்டிஎம்எல் டேக்குகள் தலைப்பின் படிநிலையைச் சொல்பவை, எழுத்தின் அளவை அல்ல. சைடுபாரில் எழுத்து சின்னதாக வேண்டும் என்பதற்காகவே எச்4 போட்டிருந்தார்கள். அதற்கு மேலே எச்3யே கிடையாது. கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறவருக்கோ நடுவில் எதையோ விட்டுவிட்டோமோ என்று தோன்றும். செக்‌ஷனுக்குள் எச்1 போட்டால் பிரவுசரே தலைப்பின் நிலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று எச்டிஎம்எல்5 வந்த புதிதில் பலர் நம்பினார்கள். எந்த பிரவுசரும் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. 2022இல் அந்தப் பகுதியை ஸ்பெக்கிலிருந்தே, அதாவது எச்டிஎம்எல்லின் விதித்தொகுப்பிலிருந்தே, எடுத்துவிட்டார்கள்.

இப்போது தலைப்புகளுக்கெல்லாம் பொதுவான ஹெட்டிங் காம்பொனன்ட் இரண்டு ப்ராப் (நாம் கொடுக்கும் மதிப்பு) வாங்கும்: லெவல், வேரியன்ட். வேரியன்ட்டில் 'பேஜ்', 'செக்‌ஷன்', 'கார்டு', 'லேபிள்' நான்குதான்; அளவு, தடிமன், வரி உயரம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். லெவலுக்கு டீஃபால்ட் கிடையாது, எழுதுகிறவர் யோசித்தே ஆக வேண்டும். டீமில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, இருக்கட்டும். 'ஸ்மால்', 'எக்ஸ்எல்' என்று அளவை வைத்துப் பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கே டிசைனர் கார்டு தலைப்பைப் பெரிதாக்கச் சொன்னால் 'ஸ்மால்' என்ற பெயருக்குள் 24 பிக்சல் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் தமிழ். நேரம் போனதெல்லாம் இங்கேதான். ஆங்கிலத் தலைப்புக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1.15, எழுத்து இடைவெளி மைனஸ் 0.02 எம் என்று டிசைனில் இருந்தது. அதே ஸ்டைலில் 'முழு விவரம்' என்று போட்டால் ழுவின் அடிச்சுழி வெட்டுப்படுகிறது, ஏனென்றால் கார்டில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன், பெட்டிக்கு வெளியே போவது தெரியாது. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் மேல்வரியின் ழுவும் கீழ்வரியின் தீயும் முட்டிக்கொள்கின்றன. தமிழுக்கு வரி உயரம் 1.45 வைத்தேன், எழுத்து இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கினேன்.

லேபிள்தான் வேடிக்கை. ஆங்கிலத்தில் அது எடுப்பாகத் தெரிவதே கேப்பிட்டல் எழுத்தால். தமிழில் அப்பர்கேஸ் போட்டால் ஒன்றும் நடக்காது. 12 பிக்சலில் ஏதோ அடிக்குறிப்பு மாதிரி கிடக்கிறது. அதற்கு 13 பிக்சல், 600 தடிமன், கொஞ்சம் மங்கிய நிறம் என்று தனி ஏற்பாடு.

இவை எல்லாம் பக்கத்தின் மொழி தமிழ் என்றால் மட்டும் பொருந்தும் லாங்-டிஏ செலக்டருக்குள் ஒரே இடத்தில் வேரியபிள்களாக இருக்கின்றன. காம்பொனன்டுக்கு மொழி எதுவென்றே தெரிய வேண்டாம். ஆனால் முதலில் எதுவுமே மாறவில்லை! பார்த்தால், மொழி மாற்றும் பட்டன் வாசகங்களை மட்டும் மாற்றிவிட்டு பக்கத்தின் மொழியைச் சொல்லும் எச்டிஎம்எல் டேக்கின் லாங்கை 'இஎன்' (ஆங்கிலம்) என்றே விட்டிருந்தது. இத்தனை நாளும் ஸ்கிரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்த்திருக்கும், பாவம்.

இனி இந்த அளவுகளை வைத்திருக்கும் டோக்கன் கோப்புக்கு வெளியே யாராவது ஃபான்ட்-சைஸ் எழுதினால், சிஎஸ்எஸ்ஸைச் சோதிக்கும் ஸ்டைல்லின்ட் என்ற கருவி பில்டை நிறுத்திவிடும். இன்வாய்ஸ் அச்சுப் பக்கத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே எல்லாம் பாயின்ட் கணக்கு, ஒரு வரி நகர்ந்தாலும் அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வரும்.