லாஸ்ட் கோஸ்ட் மலையை அட்டையில் அடுக்குகிறேன்: 14 அடுக்கு முடிந்தது

கலிஃபோர்னியாவின் வடபகுதியில், கடலை ஒட்டியே வரும் நெடுஞ்சாலை 1 ஓரிடத்தில் கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. அதற்கு வடக்கே கிங் மலைத்தொடர் கடலோரத்திலிருந்தே எழுந்து நிற்கிறது. சாலை வராததால் ஊர்களும் பெருகவில்லை. அந்தக் கரைக்கு லாஸ்ட் கோஸ்ட் என்றே பெயர். வரைபடத்தில் பார்த்த நாளிலிருந்து, அந்தச் சரிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 வரைபடங்கள் இணையத்தில் இலவசம். இந்த அளவில் 200 அடி உயரம் 2.54 மி.மீ. ஆகிறது; 2.5 மி.மீ. பைண்டிங் அட்டை அதற்கு அப்படியே பொருந்துகிறது. அதாவது ஓர் அடுக்கு 200 அடி. உயரத்தைக் கூட்டிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அச்சில் மட்டும் ஒரு தடங்கல். கடையில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டார்கள். 6.7 செ.மீ. இருக்க வேண்டிய ஒரு மைல் 6.3 தான் இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன்.

வெட்டுவதுதான் பெரிய வேலை. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டின் வழியேதான் ஒவ்வோர் அடுக்கையும் வெட்ட வேண்டும். கடலோரச் சரிவில் அந்தக் கோடுகள் தலைமுடி போல நெருங்கிக் கிடக்கின்றன. ஒன்பதாவது அடுக்கை 1,800 அடிக் கோட்டில் தொடங்கி, ஓர் ஓடைப் பள்ளத்தில் தடம் மாறி, 2,000 அடிக் கோட்டில் முடித்திருக்கிறேன். அடுத்த அடுக்கை மேலே வைத்தபோது இரண்டின் ஓரமும் ஒன்றாகி, அந்த இடத்தில் படியே இல்லை. பசை காய்வதற்குள் பிரித்தேன். அப்புறம் கோடுகளுக்குச் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றி நிறம் போட்டுக்கொண்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கடற்கரைக்கு அடுக்கே கிடையாது. அடிப்பலகையில் பென்சிலால் வரைந்ததுதான். 24 மீட்டர் அகல மணல் இங்கே 1 மி.மீ. மில்லர் ஃபிளாட் முதல் கிச்செல் க்ரீக் வரை சுமார் 4 மைல் தூரம், கடல் ஏற்றத்தின்போது நடக்க முடியாது. அந்த 27 செ.மீ.க்கு நீல நூல் ஒட்டினேன். நூலை ஒட்டியே அட்டைச் சுவர் எழும்புகிறது. அலை வந்தால் ஒதுங்க இடமில்லை என்பது விரலுக்கே தெரிகிறது.

படிகளை மெழுகிச் சமமாக்கப் போவதில்லை. படி தெரிந்தால்தான் உயரம் எண்ண முடியும்.

கிங் சிகரம் 4,088 அடி. கடலிலிருந்து 3 மைல்தான். மாதிரியில் 20 செ.மீ. தள்ளி, 5.2 செ.மீ. உயரத்தில் வரும். இன்னும் ஆறு அடுக்கு பாக்கி. கடைசி 88 அடிக்கு 1 மி.மீ. அட்டையில் சின்னத் துண்டு ஒன்று வெட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.