ரிவர்ஸில் ஓடிய கவச வண்டியும் 35 யூரோ டாக்ஸியும்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இத்தாலியின் மோடெனாவிலிருந்து லோக்கல் ரயிலில் போய் ஒரு குட்டி ஸ்டேஷனில் இறங்கினோம். நாங்கள் போக வேண்டிய வயலுக்கு அங்கிருந்து 7 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது என்பது வாசலில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. நின்றிருந்ததோ ஒரே டாக்ஸி. மீட்டர் 19 காட்டியது, ஆள் 35 கேட்டார். ஞாயிறு என்றார், ஊருக்கு வெளியே என்றார், திரும்பக் காலியாகப் போக வேண்டும் என்றார். இங்கே படிக்கிற என் நண்பன் தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டிப் பார்த்தான், ஒரு யூரோ குறையவில்லை. நம்ம ஊர்க் கணக்கில் 3,000 ரூபாய்க்கு மேல்! அன்றைய பட்ஜெட் காலை பத்தரைக்கே முடிந்தது.

மோடெனாவுக்கு வருகிற எல்லோரும் பக்கத்தில் மரனெல்லோவுக்குப் போய் ஃபெராரி பார்ப்பார்கள். நண்பனும் அதைத்தான் கேட்டான். நான்தான், பழைய ராணுவ வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஒரு வயலில் கூடுகிறார்கள், அங்கே ஏபி 41 என்ற இரண்டாம் உலகப்போர் கால இத்தாலியக் கவச வண்டி ஒன்று ஓடுகிற நிலையில் வருகிறது என்று கேள்விப்பட்டு அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே அது நின்றது. மணல் நிறம். 5.2 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் உயரம், ஏழரை டன் எடை. படத்தில் பார்த்தபோது தகர டப்பா மாதிரி இருந்தது, பக்கத்தில் போனால் நம்மைவிட ஒரு ஆள் உயரத்தில் பாதி கூடுதலாக நிற்கிறது. தகடுகளை எல்லாம் போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட் தலைகள் வரிசையாகப் புடைத்துக்கொண்டிருக்கின்றன, விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். தகடு தடிமன் பெரும்பாலான இடத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

என்னைச் சொக்கவைத்தது ஸ்டெப்னி. நம் ஜீப்பில் பின்னால் தொங்குமே, இதில் இரண்டு பக்கமும் முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் ஒவ்வொன்று இருக்கிறது. கையால் தள்ளினேன், சுற்றியது! வெறுமனே மாட்டி வைக்கவில்லை, தன் அச்சில் சுழலும்படி விட்டிருக்கிறார்கள். மேட்டின் மேல் ஏறி வண்டியின் வயிறு தட்டும் நேரத்தில் இந்த இரண்டும் தரையில் உருண்டு வண்டியைக் கடத்திவிடும். பாலைவனத்துக்கென்றே பிரெல்லி செய்த அகல டயருக்கு ‘லிபியா’ என்றே பெயர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலிய டாங்குக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக ஐந்து கியர் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. ஏபி 41-ஐப் பார்த்தால் கிண்டல் அடித்தவருக்குக் கொண்டாட்டம்தான், ஏனென்றால் இதற்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங், பின்னால் ஒரு ஸ்டீயரிங், இரண்டு டிரைவர்கள். முன்னோக்கி ஆறு கியர், பின்னோக்கி நான்கு. ஆனால் இந்த வண்டியின் வேலை வேவு பார்ப்பது. முன்னே போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து, அதைச் சொல்ல உயிரோடு திரும்பி வர வேண்டும். குறுகலான பாதையில் எதிரே பீரங்கி நிற்கும்போது ஏழரை டன்னை முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா? ஜெர்மன்காரனின் எட்டுச் சக்கர வேவு வண்டிக்கும் பின்னால் ஒரு டிரைவர் உண்டு, பிரிட்டிஷ் டெய்ம்லர் கவச வண்டியில்கூட பின்பக்கம் ஓட்ட இன்னொரு ஸ்டீயரிங் உண்டு. அவர்களை யாராவது கிண்டல் செய்தார்களா? இத்தாலி தோற்றது, அதனால் எல்லாமே நகைச்சுவை ஆகிவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டினார்கள். நாலு சக்கரமும் இழுக்கிறது, நாலு சக்கரமும் திரும்புகிறது. பக்கத்தில் கால்வாய்க் கரை மேல் ஒரு பாதை, ஒரு வண்டி அகலம்தான். அதில் கடைசி வரை போய் நின்றது. திரும்ப இடமே இல்லை. ஒரு நிமிஷம் சத்தம் மாறியது, அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் வாங்கிக்கொண்டு, வந்த வேகத்திலேயே அப்படியே பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி முகத்தைத் திருப்பவே இல்லை! நான் கத்தியே விட்டேன்.

ஓட்டம் முடிந்ததும் உள்ளே ஏற விட்டார்கள். பின் இருக்கையில் முழங்கால் நெஞ்சில் முட்டுகிறது, பெட்ரோல் வாடை, பார்க்க ஒரு சின்னத் திறப்பு. பக்கத்திலேயே பின்பக்கம் சுடுகிற 8 மில்லிமீட்டர் பிரெடா மெஷின் கன். மேலே சுழலும் கூண்டில் இன்னொரு மெஷின் கன்னும் 20 மில்லிமீட்டர் பிரெடா பீரங்கியும். முந்தைய மாடலான ஏபி 40-இல் கூண்டில் வெறும் மெஷின் கன்கள்தான், 24 வண்டிகளோடு நிறுத்திவிட்டு எல்6 என்ற குட்டி டாங்கின் கூண்டைத் தூக்கி இதன் தலையில் வைத்தார்கள். குறையும் அங்கேதான். அந்தக் கூண்டில் ஒரே ஆள். அவரே கமாண்டர், அவரே சுட வேண்டும். வேவு பார்ப்பாரா, குறி பார்ப்பாரா? இதை வடிவமைத்தவரை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனாலும் 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மன்காரர்கள் கிடைத்த ஏபி 41-களை எல்லாம் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், தொழிற்சாலையில் தொடர்ந்து செய்யவும் வைத்தார்கள். பால்கன் நாடுகளில் தண்டவாளச் சக்கரம் மாட்டி ரயில் பாதைக் காவலுக்கு ஓட்டிய ஏபி 41-களும் உண்டு.

சாப்பாடு. வயல் ஓரக் கூடாரத்தில் ‘நோக்கோ ஃப்ரித்தோ’ சுட்டுக்கொண்டிருந்தார்கள். சதுரமான பூரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயிலிருந்து வந்ததும் உப்பி நிற்கும், பிய்த்தால் ஆவி கையைச் சுடும். நான் ஆறு சாப்பிட்டேன். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். முந்தின நாள் மோடெனா ஹோட்டலில் உட்கார்ந்ததற்கே தலைக்கு இரண்டரை யூரோ ‘கோப்பெர்த்தோ’ என்று பில்லில் சேர்த்தார்கள். இங்கே புல்லில் உட்கார்ந்தோம், அதற்குக் காசில்லை.

எப்படிப் போவது என்று விவரமாக எழுதுவதாக இருந்தேன். சுருக்கமாக: இந்த மாதிரி சின்ன ஊர்களுக்கு ஞாயிறு பஸ்ஸை நம்பாதீர்கள். டாக்ஸியில் ஏறும் முன்பே விலை பேசுங்கள். காகித ரயில் டிக்கெட்டை ஏறும் முன் ஸ்டேஷன் மெஷினில் விட்டு முத்திரை குத்துங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

திரும்பும்போது ஒரு குடும்பம் தங்கள் வேனில் ஸ்டேஷன் வரை ஏற்றிக்கொண்டது, காசு கேட்கவில்லை. ரயிலிலும் நண்பன் ஃபெராரி, ஃபெராரி என்று புலம்பிக்கொண்டே வந்தான். ஃபெராரிக்கு ரிவர்ஸில் எத்தனை கியர்டா என்று கேட்டேன். மோடெனா வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.